ஊசி நடுவுக்கு வரட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தங்கை மகன் ஒரு பழைய புல்லட்டைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். 1986 மாடல். டேங்கின் ஓரத்தில் பொன்னிறக் கோடு இன்னும் அழியாமல் இருந்தது. ஹெட்லைட்டின் இருபுறமும் புலிக்கண் விளக்குகள். வண்டியைப் பார்த்த சந்தோஷத்தில் முதலில் அவன் நொண்டுவதை நான் கவனிக்கவில்லை. கணுக்காலுக்கு மேலே கன்றிப்போயிருந்தது.

“உதைச்சா திருப்பி அடிக்குது மாமா. வாங்கி நாலு நாள் ஆச்சு, மெக்கானிக் தவிர யார் உதைச்சாலும் ஸ்டார்ட் ஆகல. இன்ஜின்ல ஏதோ கோளாறு.”

“கோளாறு ஒண்ணும் இல்ல மாப்ள. உட்காரு. டீயைக் குடி, சொல்றேன்.”

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தேன். குழாய் வாயை என் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, அழுத்து என்றேன். பாதி வரை இறங்கிய கைப்பிடி அதற்கு மேல் இறங்கவில்லை. கையை எடுத்ததும் துள்ளி மேலே வந்தது. புல்லட்டின் சிலிண்டருக்குள் நடப்பதும் இதுதான். ஆறரை பங்கு காற்றையும் பெட்ரோலையும் பிஸ்டன் ஒரு பங்காக நெருக்குகிறது. 346 சிசி என்றால் அந்த எதிர்ப்பு எவ்வளவு இருக்கும் என்று உன் கணுக்காலைக் கேள் என்றேன்.

வண்டி திருப்பி அடிக்கக் காரணம் இன்னொன்று. பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு ஒரு மயிரிழை முன்னாலேயே பிளக்கில் பொறி விழும், அப்படித்தான் வைத்திருப்பார்கள். கனமான ஃப்ளைவீல் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தால் பிஸ்டன் அந்த மயிரிழையைத் தாண்டிவிடும். உதை அரைகுறையாக இருந்தாலோ பிஸ்டன் தாண்டுவதற்குள் வெடிப்பு நடந்து, வந்த வழியே அதைக் கீழே தள்ளிவிடும். இன்ஜின் பின்பக்கமாகச் சுற்றும். அந்த வேகமெல்லாம் கிக்கர் வழியாகக் காலுக்கு வந்து சேரும்.

அதனால் உதைக்கும் முன் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும். இரும்புக்குள் இருக்கிற பிஸ்டனை எப்படிப் பார்ப்பது? அதற்கு உதவுவது ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் அந்தச் சின்ன ஆம்ப்மீட்டர். பேட்டரி சார்ஜ் ஆகிறதா என்று காட்டத்தான் அதை வைத்தார்கள். ஆனால் பழகியவனுக்கு அது பிஸ்டனைப் பார்க்கிற ஜன்னல். சாவியைப் போட்டுவிட்டு கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தால், பொறியை உண்டாக்கும் சுவிட்சான சிபி பாயின்ட் மூடியிருக்கும்வரை காயிலில் மின்சாரம் ஓடி, ஊசி இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். பாயின்ட் திறந்ததும் மின்சாரம் நின்று ஊசி நடுவுக்கு வரும். புல்லட்டில் பாயின்ட் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் திறக்கும், அதுவும் பிஸ்டன் காற்றை நெருக்கி மேலே வந்து சேரும் அந்த நேரத்தில் மட்டும். ஊசி நடுவில் நின்றால் பிஸ்டன் உச்சியில் நிற்கிறது என்று அர்த்தம்.

அங்கே நிறுத்த வேண்டும். இடதுகை கிளட்சுக்குக் கீழே இருக்கும் சின்ன லீவரைப் பிடித்தால் சிலிண்டர் தலையில் ஒரு வால்வு திறந்து அடைபட்ட காற்று வெளியேறும். டீகம்ப்ரஸர் என்பது அதுதான். அதைப் பிடித்தபடி கிக்கரை இன்னும் ஒரு விரற்கடை தள்ளினால் பிஸ்டன் உச்சியைத் தாண்டிவிடும். லீவரை விட்டுவிட்டு, கிக்கரை முழுசாக மேலே வர விட வேண்டும். இனி அடுத்த நெருக்கல் வருவதற்குள் ஃப்ளைவீலுக்கு ஏறத்தாழ இரண்டு சுற்று இடம் இருக்கிறது. அந்த இரண்டு சுற்றில் அது வேகம் பிடித்துக்கொள்ளும். ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், பயப்படாமல், கால் அடிவரை போகும்படி ஒரே உதை. பலம் அவ்வளவாகத் தேவையில்லை. உதையைப் பாதியில் நிறுத்தாமல் இருந்தால் போதும். ஒல்லியான வாத்தியார்கள் வேட்டியோடு உதைத்து ஓட்டிய வண்டி இது.

அந்த ‘டப் டப்’ எங்கிருந்து வருகிறது என்று கேட்டான். ஒரே சிலிண்டர், குறுக்களவு 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90. நீளமான ஓட்டம், கனமான ஃப்ளைவீல், இரண்டு சுற்றுக்கு ஒரே ஒரு வெடிப்பு. அதனால்தான் நின்ற இடத்தில் ஒவ்வொரு துடிப்பையும் எண்ண முடிகிறது.

இங்கிலாந்தில் ரெடிச் என்ற ஊரில் பிறந்த வண்டி இது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் அங்கே இதைச் செய்த கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தது. திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. 1967-இல் ரெடிச் தொழிற்சாலையை மூடினார்கள், 1970-இல் இங்கிலாந்தில் தயாரிப்பே நின்றுபோனது. திருவொற்றியூரில் மட்டும் அதே இரும்பு இன்ஜினை விடாமல் செய்துகொண்டிருந்தார்கள். 1977-இல் இங்கிலாந்துக்கே கப்பலேற்றினார்கள். பிறந்த வீட்டில் அணைந்த அடுப்பை வாக்கப்பட்ட வீட்டில் அணையாமல் காத்த மாதிரி.

நான் வைத்திருந்தது புல்லட் இல்லை, எஸ்டி. மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி செக்கோஸ்லோவாக்கியா ஜாவாவின் உரிமத்தோடு 1961-இல் தொடங்கி, 1973-லிருந்து எஸ்டி என்ற பெயரில் செய்த வண்டி. 1989-இல் கைமாறி என்னிடம் வந்தபோது கறுப்பு டேங்கில் வலது முழங்கால் படும் இடத்தில் எட்டணா காசு அளவுக்கு ஒரு நெளிசல் இருந்தது. பெயின்ட் அடிக்கும்போது அதைத் தட்டிச் சரிசெய்துவிடலாம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். ஓட்டும்போது முழங்கால் தானாக அதில் போய்ப் பதியும். சிலிண்டர் ஒன்றுதான், சைலன்சர் இரண்டு. கிக்கருக்கும் கியருக்கும் ஒரே கம்பி. உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர், ஸ்டார்ட் ஆனதும் முன்னால் மடக்கினால் கியர். கிளட்சைப் பிடிக்காமலேயே கியர் மாற்றலாம், கியர்க் கம்பியை அசைத்தாலே கிளட்ச் விலகும்படி உள்ளே ஏற்பாடு. இப்படி யோசித்தவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

அது டூ ஸ்ட்ரோக். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. தனியாக இன்ஜின் ஆயில் கிடையாது. பெட்ரோலோடு கலந்து ஊற்றும் ஆயில்தான் பிஸ்டனையும் பேரிங்கையும் நனைத்துவிட்டு, தானும் எரிந்து நீலப்புகையாக வெளியே போகும். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு இறக்கத்தில் வரும்போது இதன் அர்த்தம் புரியும். இறக்கம்தானே என்று ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடிக்கொண்டு கியரில் இறங்கினால் பெட்ரோல் போவது குறையும், அதோடு ஆயிலும் குறையும். சக்கரம் சுற்றுகிற வேகத்தில் பிஸ்டன் மட்டும் காய்ந்துபோய் ஓடிக்கொண்டிருக்கும். ஜாம் ஆனால் கொண்டை ஊசி வளைவில் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். வண்டி பழக்கிவிட்ட பெரியவர் ஒருவர் எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “எறக்கத்துல அப்பப்ப திருகிவிடு தம்பி, அதுக்குத் தண்ணி காட்டுற மாதிரி.” பிறகு வைத்திருந்த ஆர்எக்ஸ் 100-இல் ஆயிலுக்குத் தனித் தொட்டி, தனிப் பம்பு. நல்ல வண்டி, பாய்ந்து போகும். இருந்தாலும் பங்க்கில் ஆயில் கலக்கும்போது இருந்த கவனம் அதில் எனக்கு வரவில்லை.

“எஸ்டியை ஏன் மாமா குடுத்தீங்க?”

98-இல் கொடுத்தேன். வீட்டில் ஒரு கல்யாணம் இருந்தது. அது அவன் அம்மாவின் கல்யாணம் என்பது அவனுக்குத் தெரியாது, நான் சொல்லவும் இல்லை. வாங்கியவர் உதைத்து எடுத்துக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை அந்த இரட்டைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பழைய வண்டிகள் எங்கே கூடி நின்றாலும் இப்போதும் கறுப்பு எஸ்டியின் டேங்கில் வலப்பக்கம் கை வைத்துப் பார்ப்பேன்.

டீ ஆறிப்போயிருந்தது. ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தான். சாவியைத் திருப்பிக் கிக்கரில் கால் வைத்து மெதுவாக அழுத்தினான். குனிந்து ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தான். சாய்ந்தது. இன்னும் கொஞ்சம். நடுவுக்கு வந்து நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தான். தலையசைத்தேன். லீவரைப் பிடித்தான், ஒரு விரற்கடை தள்ளினான், விட்டான். முதல் உதையில் சைலன்சர் ஒரு முறை செருமிவிட்டு நின்றது. மறுபடி ஊசி, மறுபடி லீவர். இரண்டாவது உதையில் பிடித்துக்கொண்டது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. டப், டப், டப்.

ஏறி உட்கார்ந்து இடதுகாலால் கியரைத் தேடினான்.

“அது பிரேக்கு மாப்ள. கியர் வலது கால்ல. மேல ஒண்ணு, கீழ மூணு.”