தேசத்தின் படத்தில் யாருக்கு இடம்?

ஒரு தேசத்தின் பண்பாட்டைப் படமாக்க அனுப்புவோர், அத்தேசத்தின் எந்த மக்களைக் காட்டச் சம்மதிக்கிறார்கள்? பிரேசிலில் 1942இல் ஆர்சன் வெல்ஸ் எடுத்து, முற்றுப்பெறாமல் போன 'இட்ஸ் ஆல் ட்ரூ' ஆவணப்படத்தின் வரலாறு இக்கேள்வியை நம்முன் வைக்கிறது.

இரண்டாம் உலகப்போரின்போது லத்தீன் அமெரிக்க நாடுகளின் நட்பை நாடிய அமெரிக்க அரசு, ரியோ டி ஜெனிரோவின் கார்னிவல் விழாவைப் படமாக்க வெல்ஸை அனுப்பியது. ஆர்.கே.ஓ. நிறுவனம் படத்தைத் தயாரித்தது. வெல்ஸோ சம்பா இசையின் வேர்களைத் தேடி, கறுப்பின உழைக்கும் மக்கள் வாழும் பவேலா குடியிருப்புகளுக்குள் கேமராவைக் கொண்டு சென்றார். கறுப்பின மக்களை இவ்வளவு காட்டுவதா என்ற முணுமுணுப்பு படக்குழுவின் நிர்வாகத்திற்குள்ளேயே எழுந்தது.

படத்தின் மற்றொரு பகுதி போர்ட்டலேசா நகரத்து மீனவர்களைப் பற்றியது. 1941இல் ஜகாரே என்றழைக்கப்பட்ட மீனவரும் அவருடைய தோழர் மூவரும், ஜங்காடா எனும் மரத்தெப்பத்தில் 61 நாட்கள் கடலில் பயணித்து ரியோவை அடைந்தனர். மற்றத் தொழிலாளருக்குக் கிடைத்த ஓய்வூதியம் உள்ளிட்ட உரிமைகளை மீனவருக்கும் வழங்குமாறு அதிபர் வார்காஸிடம் நேரில் கோரினர். இப்போராட்டத்திற்கு ஒரு முன்வரலாறும் உண்டு. பிரேசிலில் அடிமைமுறை ஒழிவதற்கு ஏழாண்டுகள் முன்பே, 1881இல், போர்ட்டலேசாவின் ஜங்காடா தொழிலாளர்கள் அடிமைகளைக் கப்பலுக்கு ஏற்றிச்செல்ல மறுத்திருந்தனர்.

அந்த நால்வரும் ரியோவை வந்தடைந்த காட்சியை மீண்டும் நடித்துப் படமாக்கியபோது, 1942 மே 19 அன்று தெப்பம் கவிழ்ந்து ஜகாரே கடலில் மாண்டார். நல்லெண்ணத்தோடு எடுக்கப்பட்ட படத்திலும் உயிராபத்து உழைப்பாளியின் தலையிலேயே விழுந்ததை நாம் மறக்கலாகாது.

செலவைக் காரணம் காட்டிய ஆர்.கே.ஓ., நிர்வாகம் மாறியதும் படத்தைக் கைவிட்டது. எஞ்சிய சிறு குழுவோடு வெல்ஸ் போர்ட்டலேசா சென்று, மீனவர்களையே நடிக்கவைத்து ஒலியின்றிப் படமெடுத்தார். ஆனால் அதைத் தொகுத்து முடிக்க அவருக்கு வாய்ப்புக் கிட்டவில்லை. 1985இல் அவர் மறைந்தார். கிடங்கில் கிடந்த படச்சுருள்களைக் கொண்டு, 1993இல் வேறு சிலர் ஒரு படத்தை உருவாக்கி வெளியிட்டனர்.

இப்படம் நின்றுபோனதற்குப் பணம், போர்க்கால அரசியல், நிறுவனப் பூசல் எனக் காரணங்கள் பல உண்டு. நிறவெறியையும் அவற்றோடு சேர்த்தே எண்ண வேண்டும் என்கிறோம். கறுப்பின மக்களின் இசையைத் தேசத்தின் பெருமையாகக் கொண்டாடியவர்கள், அவர்களின் முகத்தையும் குடியிருப்பையும் திரையில் காணக் கூசினார்கள். பறையிசையை மேடையேற்றிவிட்டு, பறையடிப்பவரை வாசலில் நிறுத்தும் சமூகத்தில் வாழும் நமக்கு இது புதிய செய்தியன்று. ஆகவே, பண்பாட்டுப் படம் எதைக் கண்டாலும், அதில் வெட்டப்பட்டது எது, வெட்டியவர் யார் என்று மாணவர்கள் கேட்கப் பழக வேண்டும்.