ஆஸ்பத்திரியில் ஒட்டிக்கொள்ளும் தொற்று... தடுக்க என்ன வழி?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருக்கும். நான்காம் நாள் பார்த்தால் தையல் போட்ட இடத்தில் சீழ்! வந்தது ஒரு நோய்க்கு, ஒட்டிக்கொண்டது இன்னொன்று. இதைத்தான் மருத்துவமனைத் தொற்று என்கிறார்கள்.

பணக்கார நாடுகளில் அட்மிட் ஆகும் 100 பேரில் 7 பேருக்கும், நம்மைப் போன்ற நாடுகளில் 15 பேருக்கும் இப்படித் தொற்று வருவதாகச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை. கை சுத்தம் உள்ளிட்ட எளிய நடவடிக்கைகளால் இதில் 70 சதவிகிதத்தைத் தடுக்க முடியும் என்பதுதான் ஆறுதல்.

கணக்கெடுக்கும் நர்ஸ்

இதற்கென்றே தொற்றுத் தடுப்பு நர்ஸ் உண்டு. குறைந்தது 250 படுக்கைக்கு ஒருவர் வேண்டும் என்கிறது அதே நிறுவனம். யாருக்கு யூரின் டியூப் போட்டு எத்தனை நாளாகிறது, யாருக்குத் தையல் பிரிந்தது என வார்டு வார்டாகக் கணக்கெடுப்பது இவர் வேலை. தேவை முடிந்த அன்றே டியூபை எடுத்தாலே பாதி ஆபத்து விலகும்.

மருந்துக்கு அடங்காத கிருமி

பல ஆன்டிபயாடிக்குகளுக்கும் அடங்காத என்.டி.எம்-1 கிருமிகள் குறித்து 2010-ல் வெளியான ஆய்வில் சென்னை மாதிரிகளும் இருந்தன. 2012-ல் மருத்துவ அமைப்புகள் கூடி 'சென்னை பிரகடனம்' வெளியிட்டன. மருந்து கைவிடும்போது, தொற்று வராமல் காப்பதுதானே ஒரே வழி?

குப்பையிலும் கவனம்

திருச்சி மாநகரின் குப்பையைப் பல ஆண்டுகள் சுமந்த ஊர் அரியமங்கலம். ஊசியும் ரத்தம் தோய்ந்த பஞ்சும் வீட்டுக் குப்பையோடு கலந்தால், அதைக் கிளறும் தூய்மைப் பணியாளரின் கையில்தான் முதலில் குத்தும். அதனால்தான் 2016 விதிகள் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் எனத் தனித்தனியாகப் பிரிக்கச் சொல்கின்றன. ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சளில், டியூபும் கையுறையும் சிவப்பில், ஊசி வெள்ளையில், கண்ணாடிக் குப்பி நீலத்தில். சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

* நோயாளியைத் தொடும் முன்பும் பின்பும் சோப்பு போட்டு 40 முதல் 60 விநாடிகள் கை கழுவுங்கள். சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடிகள்.
* சளி, காய்ச்சல் இருந்தால் நலம் விசாரிக்கப் போகாதீர்கள்.
* நோயாளியின் கட்டிலில் உட்காராதீர்கள். கட்டு, டியூபைத் தொடாதீர்கள்.
* "இந்த டியூப் இன்னும் தேவையா சிஸ்டர்?", "கை கழுவிட்டீங்களா டாக்டர்?" என்று பணிவாகக் கேளுங்கள். அது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல, உங்கள் உரிமை!