பசும்பொடியும் ஒரு குடும்பத்தின் பொறுமையும்

புதுவையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், காலாப்பட்டைக் கடந்து எல்லையோரத்துக் கனகசெட்டிக்குளத்தை அடைவர். அங்கும் சரி, நம் பிற ஊர்களிலும் சரி, தேநீர் என்றால் பாலும் சர்க்கரையும் சேர்ந்ததே நம் நினைவுக்கு வரும். இப்பொழுதோ ‘மட்சா’ என்னும் பசும்பொடி நகரத்துக் கடைகளில் பெருவிலைக்கு விற்கப்படுகிறது. உறைமேல் ‘சடங்குத் தரம்’ என்றிருப்பின் விலை இன்னும் ஏறுகிறது. அவ்விலை எதற்காக என்பதைக் குடும்பத்தார் அறிந்திருத்தல் நலம்.

மட்சா தனிச்செடி அன்று. நாம் அருந்தும் தேயிலையின் இனமே. வேறுபாடு வளர்ப்பிலும் பக்குவத்திலும் உள்ளது. ஜப்பானில் கியோட்டோவுக்குத் தெற்கேயுள்ள உஜி என்னும் ஊர் இதற்குப் பெயர்பெற்றது. அங்கே தளிர்விடும் செடிகளுக்குப் பறிப்பதற்கு முன் ஏறக்குறைய மூன்று வாரம் பந்தலிட்டு வெயிலை மறைக்கின்றனர். பழைய முறையில் நாணற்பாயும் அதன்மேல் வைக்கோலும் பரப்புவர். நிழலில் வளர்ந்த இலையில் துவர்ப்புக் குறைந்து இன்சுவையும் பசுமையும் மிகும். மே மாதத்தில் கையால் கிள்ளிய தளிரை நீராவியில் வேகவைத்து, சுருட்டாமல் உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கிக் கல் எந்திரத்தில் அரைக்கின்றனர். கல் மெல்லச் சுழல வேண்டும்; விரைந்தால் சூட்டில் மணம் கெடும். ஒரு மணி நேரத்தில் ஒரு கல் தருவது ஏறத்தாழ 40 கிராம் மட்டுமே!

இத்தகைய தொழிலைத் தலைமுறைதோறும் காத்துவரும் குடும்பங்களுள் ஒன்று உஜியின் கன்பயாஷி குடும்பம். 16-ஆம் நூற்றாண்டிலேயே அது ஆட்சியாளர்களுக்குத் தேயிலை அளித்தது. தோக்குகாவா மரபினர் ஆண்ட காலத்தில், உஜியின் புதுத்தேயிலை நிறைந்த சாடிகள் ஆண்டுதோறும் ஊர்வலமாகத் தலைநகர் எடோவுக்குச் சென்றன. 1868-இல் அவ்வாட்சி மறைந்ததும் அரண்மனை ஆதரவும் மறைந்தது. உஜியின் தேயிலைக் குடும்பங்கள் பல தொழிலைக் கைவிட்டன. கன்பயாஷி குடும்பத்தாரோ பொதுமக்களுக்கு விற்கும் வழியைக் கண்டு நிலைத்தனர். புரவலர் போனாலும் தொழிலறிவு போகாமற் காத்ததே அவர்கள் பெருமை.

இப்பொடி சிறப்புற்றது தேநீர் விருந்துமுறையினால். அம்முறையைச் செம்மை செய்தவர் சென் நோ ரிக்யூ (1522–1591). அவருடைய தேநீர்க் குடிலின் வாயில் மிகச் சிறியது. வாளேந்திய வீரனும் வாளை வெளியே வைத்துக் குனிந்தே நுழைய வேண்டும். உள்ளே உயர்ந்தோர் தாழ்ந்தோர் இல்லை.

நம் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய புனித சவேரியார் 1549-இல் ஜப்பான் சேர்ந்தார். அவருக்குப்பின் அங்குச் சென்ற இயேசு சபை மேற்பார்வையாளர் வாலிஞ்ஞானோ, விருந்தினரைத் தேநீரால் வரவேற்கும் ஏற்பாடு சபை இல்லங்களில் இருக்கவேண்டுமெனப் பணித்தார். ரிக்யூவின் சிறந்த மாணவர் எழுவருள் ஒருவரான தக்காயாமா உக்கோன் கிறிஸ்தவப் பிரபு. விசுவாசத்தை விடமறுத்துத் தம் நிலப்பகுதியை 1587-இல் இழந்தார். 1614-இல் நாடுகடத்தப்பட்டு, மறு ஆண்டு மணிலாவில் இறந்தார். திருச்சபை 2017-இல் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது.

இனி அந்த உறைக்கு வருவோம். ‘சடங்குத் தரம்’ என்பதற்குச் சட்டம் வகுத்த அளவுகோல் எதுவும் இல்லை. அது வணிகர் இட்ட பெயர். உலகெங்கும் தேவை பெருகியதால் 2024-இல் கியோட்டோப் பகுதியின் பழம்பெரும் நிறுவனங்கள் சிலவும் விற்பனைக்கு வரம்பிட்டன. தட்டுப்பாடு உள்ள இடத்தில் போலியும் நுழையும். எனவே பெயரை விடுத்து, விளைந்த ஊர், தயாரித்தவர், பறித்த பருவம் ஆகியவற்றைக் கேட்டு வாங்குக. நல்ல பொடி ஒளிர்பசுமையாய் இருக்கும். மஞ்சளோ பழுப்போ கலந்திருப்பின் தரம் குறைந்தது அல்லது பழையது. பாலும் சர்க்கரையும் கலப்பதானால் உயர்விலைப் பொடி வீண்செலவே.

இரண்டு கிராம் பொடியைச் சலித்து, கொதி அடங்கிய வெந்நீர் 70 மில்லிலிட்டர் ஊற்றி, மூங்கில் துடைப்பத்தால் நுரைவர அடித்தால் ஒருவருக்குப் போதும். இலை முழுவதையும் உட்கொள்வதால் காபீன் மிகுதி. கருவுற்ற தாய்மார் மருத்துவரைக் கேட்டே அருந்துக. இரத்தசோகை உள்ளோர் உணவோடு சேர்த்து அருந்தற்க.

பசும்பொடி நம் வீட்டுக்கு வராமற் போகலாம்; அதனால் குறையொன்றுமில்லை. வீட்டுக்கு வந்தவர் எவராயினும் ஒரே மதிப்புடன் கோப்பையை நீட்டும் பண்பை, நம் பால்தேநீரோடும் சேர்த்து வழங்கலாமன்றோ!