மிதி ஓயாத சைக்கிளும் முழங்காலும்

மூன்று சக்கர சைக்கிளில் சின்னக் குழந்தை ஒன்று சரிவில் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வண்டி வேகமெடுத்ததும் குழந்தை இரண்டு கால்களையும் சட்டென்று மேலே தூக்கிக்கொள்ளும். கீழே மிதிகள் கடகடவென்று தாமாகவே சுற்றும். அந்த வண்டியில் மிதி நேரே முன்சக்கரத்தோடு பிணைந்திருக்கிறது. சக்கரம் உருண்டால் மிதியும் சுற்றியே தீரும்.

பெரியவர்கள் ஓட்டும் சைக்கிளிலும் இப்படி ஒரு வகை உண்டு. அதை ஃபிக்ஸட் கியர் சைக்கிள் என்பார்கள். நம் வீட்டுச் சைக்கிளின் பின்சக்கரத்தில் ஃப்ரீவீல் இருக்கிறது. மிதிப்பதை நிறுத்தினால் டிக் டிக் என்று சத்தம் வரும். கால் ஓய்வெடுக்கும், வண்டி ஓடிக்கொண்டிருக்கும். ஃபிக்ஸட் கியரில் அந்தச் சத்தமும் இல்லை, அந்த ஓய்வும் இல்லை. பின்பக்கப் பல்சக்கரம் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்போடு இறுகப் பூட்டியிருப்பதால், வண்டி நகரும் வரை காலும் சுற்ற வேண்டும். பந்தயத் தளங்களில் ஓடும் சைக்கிள்கள் இந்த வகைதான். அவற்றுக்கு பிரேக்கும் கிடையாது. ஜப்பானில் 1948இல் கொகுரா நகரில் தொடங்கிய கெய்ரின் பந்தயமும் இதில்தான் நடக்கிறது. நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ போன்ற நகரங்களின் கூரியர்கள் இதைத் தெருவில் ஓட்ட, அவர்களைப் பார்த்துப் பல நாட்டு இளைஞர்களும் ஆசையாக வாங்கினார்கள். வாங்கிய பலர் சில வாரங்களிலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

ஏன் வலிக்கிறது? விடை சைக்கிளின் சரித்திரத்திலேயே இருக்கிறது.

1870களில் ஓடிய சைக்கிளுக்கு முன்சக்கரம் ஆளுயரம், பின்சக்கரம் சிறியது. மிதி முன்சக்கரத்தின் அச்சிலேயே இருந்தது. சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகலாம். ஆனால் எவ்வளவு பெரிய சக்கரம் என்பதை ஓட்டுபவரின் கால் நீளம்தான் முடிவு செய்தது. 60 அங்குலச் சக்கரத்துக்கே நெட்டைக்காலர் வேண்டும். 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் சைக்கிள் வந்தது. செயினும் இரண்டு பல்சக்கரங்களும் அந்த எல்லையை அழித்தன. சிறிய சக்கரத்தை வைத்தே எவ்வளவு பெரிய சக்கரத்தின் ஓட்டத்தையும் பெறலாம் என்றாயிற்று.

இன்றும் ஃபிக்ஸட் கியர் ஓட்டுபவர்கள் பலர் கியரை ‘அங்குலம்’ என்றே சொல்கிறார்கள். அந்தப் பழைய பெரிய சக்கரத்தின் விட்டம்தான் அது. முன்னால் 48 பல், பின்னால் 16 பல், சக்கரம் 27 அங்குலம் என்றால் கணக்கு 81 அங்குலம். அதாவது ஆறே முக்கால் அடி உயரச் சக்கரத்தை நேரே மிதிப்பதற்குச் சமம்! அப்படியொரு சக்கரத்தின் மேல் எந்த மனிதக் காலாலும் உட்கார்ந்து மிதிக்க முடியாது. செயின் அதை மிதிக்க வைக்கிறது. கால் நீளம் போட்டிருந்த வரம்பு போய்விட்டது. முழங்காலின் வரம்பு அப்படியே இருக்கிறது.

அந்த முழங்காலைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை முன்னால் நீட்டி, குதிகாலைத் தரையில் ஊன்றி, தொடையைத் தளர்த்துங்கள். முட்டியின் மேலுள்ள சில்லை இரண்டு விரலால் பிடித்தால் இடமும் வலமும் லேசாக நகரும். இப்போது தொடையை இறுக்குங்கள். சில்லு மேலே இழுபட்டு அசையாமல் நின்றுவிடும். தொடையின் முன்தசை தசைநாண் வழியாக இந்தச் சில்லைப் பிடித்துத்தான் காலை நீட்டுகிறது. கிணற்றுக் கயிற்றுக்கு ராட்டினம் எப்படியோ, தொடைத்தசைக்குச் சில்லு அப்படி. அது தசைநாணை மூட்டிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடிப்பதால் தசையின் இழுவைக்கு நெம்புகோல் பலம் கிடைக்கிறது.

அந்தப் பலத்துக்கு விலை உண்டு. கால் மடங்கியிருக்கும்போது தசை இழுத்தால், சில்லு தொடை எலும்பின் மேல் அழுந்துகிறது. மடக்கு கூடக் கூட அழுத்தமும் கூடும். இடையில் மெத்தையாக இருப்பது குருத்தெலும்பு. சில்லின் பின்புறம் உள்ளது உடலிலேயே மிகத் தடிமனான குருத்தெலும்புகளில் ஒன்று. அதற்குள் ரத்தக்குழாய் கிடையாது. மூட்டு அசையும்போது சுற்றியுள்ள திரவத்திலிருந்து அது ஊட்டம் பெறுகிறது. ஆகவே முழங்காலுக்கு அசைவு நல்லது. தாங்க முடியாத அழுத்தம் கெடுதல்.

நிமிடத்துக்கு 80 சுற்று வீதம் ஒரு மணி நேரம் மிதித்தால் ஒவ்வொரு முழங்காலும் 4,800 முறை மடங்கி நீள்கிறது. மடங்கும் எண்ணிக்கையை விட, ஒவ்வொரு முறையும் விழும் பாரம்தான் பிரச்சினை. ஃபிக்ஸட் கியரில் அந்தப் பாரம் மூன்று இடங்களில் ஏறுகிறது. ஒன்று, சிக்னலில் நின்று கிளம்பும்போதும் மேட்டில் ஏறும்போதும் கியரைக் குறைக்க வழியில்லை. மொத்த உடலும் ஒரு முழங்காலில் இறங்குகிறது. இரண்டு, சரிவில் சக்கரம் காலைச் சுழற்றுகிறது. மூன்று, வேகத்தைக் குறைக்கக் காலாலேயே எதிர்த்துப் பிடிப்பது. மேலே எழும் மிதியைத் தொடைத்தசை அமுக்கித் தடுக்கிறது. தசை சுருங்க முயல்கிறது, சக்கரமோ அதை இழுத்து நீட்டுகிறது. மாடிப்படி இறங்கும்போதும் தொடை இதே வேலையைத்தான் செய்கிறது. பழக்கமில்லாத தசையில் இந்த வகை உழைப்பின் வலி ஓரிரு நாள் கழித்தே தெரியும்.

முதல் மருந்து பல்சக்கரத்தில் இருக்கிறது. 48-க்கு 16 கியரில் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 6.5 மீட்டர் போகும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 52 சுற்றுதான் வரும். ஒவ்வொன்றும் கனத்த மிதி. அதையே 44-க்கு 18 ஆக்கினால் ஒரு சுற்றுக்கு 5.3 மீட்டர். அதே வேகத்துக்கு 63 சுற்று மிதிக்க வேண்டும், ஆனால் ஒவ்வொரு மிதியிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பாரம் குறைகிறது. சரிவில் கால் வேகமாகச் சுற்றும் என்பது உண்மை. அதற்குத்தான் முன்பிரேக் இருக்கிறது. தெருவில் ஓட்டும் ஃபிக்ஸட் கியருக்கு பிரேக் கட்டாயம் வேண்டும். ஒரு விரல் செய்யும் வேலையை முழங்காலிடம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது சீட் உயரம். சுவரைப் பிடித்து உட்கார்ந்து, பின்சக்கரத்தை ஒருவர் தூக்கிப் பிடிக்க, மிதியை அடிமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். குதிகாலை மிதியில் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். அப்போதுதான் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். சீட் தாழ்ந்திருந்தால் பெரும்பாலும் முட்டியின் முன்பக்கம் வலிக்கும். உயர்ந்திருந்தால் பின்பக்கம் இழுக்கும். உள்பக்கமோ வெளிப்பக்கமோ வலித்தால், பாதத்தை மிதியின் வாரோ, காலணியின் அடியிலுள்ள க்ளீட்டோ கோணலாகப் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எதை மாற்றினாலும் சில மில்லிமீட்டர் மாற்றி, சில நாள் ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததைத் தொடுங்கள்.

வலி வந்துவிட்டால் அடியோடு முடங்கத் தேவையில்லை. பாரத்தைக் குறைத்தால் போதும். மேடில்லாத பாதை, குறைந்த தூரம், லேசான கியர். தொடைக்கும் இடுப்புக்கும் படிப்படியாக வலுவூட்டும் பயிற்சி உதவும். பல ஃபிக்ஸட் சைக்கிள்களின் பின்சக்கரத்தில் ஒரு பக்கம் ஃபிக்ஸட், மறுபக்கம் ஃப்ரீவீல் மாட்டலாம். கியர் மாற்றும் டெரெய்லருக்கு 1937 வரை டூர் டி பிரான்ஸ் பந்தயம் இடம் தரவில்லை. அந்தக் காலத்து வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, சிறிய கியரில் ஏறினார்கள். வலிக்கும் வாரத்தில் நீங்களும் சக்கரத்தைத் திருப்பி மாட்டி, பிரேக்கைச் சரிபார்த்து, ஃப்ரீவீலில் ஓட்டலாம். முட்டி வீங்கினால், பாதியில் பூட்டிக்கொண்டால், நிற்கும்போது மடங்கி விழச் செய்தால், ஓய்விலும் இரவிலும் வலித்தால், வண்டியை ஓரம்கட்டிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கியர் உள்ள வண்டியில் மேடு வந்தபின் யோசிக்கலாம். ஃபிக்ஸட் கியரில் மேட்டுக்கான முடிவைப் பல்சக்கரத்தைப் பூட்டும்போதே எடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் நண்பரின் கியரையும் பந்தய வீரரின் கியரையும் மறந்துவிட்டு, உங்கள் முழங்காலைக் கேட்டு எண்ணைத் தேர்ந்தெடுங்கள்.