விழுமுன் சொல்லும் தீர்ப்பு

அம்பர்நாத்தில் கிரிக்கெட் ஆடும் சிறுவர்களைக் கேளுங்கள்: உயர எழும்பிய பந்தை நழுவவிட்டால் நஷ்டம் யாருக்கு? நழுவவிட்டவனுக்கே என்பார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடப்படும் பேஸ்பாலில் அதுவே லாபமாகவும் முடியலாம்.

அங்கே பந்து பிடிபட்டால், ஓடுபவர் தம் தளத்துக்குத் திரும்பியாக வேண்டும். ஆகவே அவர் விலகாமல் காத்து நிற்பார். முதல் இரு தளங்களிலும் ஆள் நிற்க, எளிய பந்தைத் தடுப்பாளர் வேண்டுமென்றே தரையில் விட்டால்? நின்றவர்கள் முன்னேறியே தீர வேண்டும். இருவரைச் சுலபமாக அவுட் ஆக்கிவிடலாம். இச்சூதைத் தடுக்கவே, அதுவரை இருவர் அவுட் ஆகாதிருந்தால், பந்து வானில் இருக்கும்போதே பந்தடித்தவர் அவுட் என்று அம்பயர் அறிவிக்கிறார். பிறகு பந்து நழுவினாலும் தீர்ப்பு மாறாது. ஓடுவது அவரவர் விருப்பம்.

‘இன்ஃபீல்ட் ஃப்ளை’ எனும் இதனை ‘உள்மைதான வான்பந்து’ என்று பெயர்த்துப் பார்த்தேன். மொழிபெயர்ப்பே என் தொழில். ஆயினும் பெயர் குழப்பத்தையே வளர்த்தது. பந்து எங்கே விழுகிறது என்பதன்று கேள்வி. உள்மைதானத் தடுப்பாளர் சாதாரண முயற்சியால் பிடிக்கக்கூடியதா என்பதே.

2012 அக்டோபர் 5 அன்று அட்லாண்டாவில் நடந்த தொழில்முறை ஆட்டத்தில், பந்து வெளிமைதானப் புல்லில் வெகுதூரம் சென்று விழுந்தது. தடுப்பாளர் விலகிவிட்டார். விழுவதற்குச் சற்று முன்புதான் அம்பயர் கையை உயர்த்தினார். ரசிகர்கள் புட்டிகளை எறிய, ஆட்டம் 19 நிமிடம் நின்றது. அட்லாண்டா 6-3 எனத் தோற்றது. அடிக்கும் அணியைக் காக்கப் பிறந்த விதி, அன்று அதே அணியின் ஓர் ஆளைப் பறித்தது.