உஷார்! ஐப்பசி வருமுன் வாரியைப் பாருங்கள்

குடுமியான்மலை மக்களே, அன்னவாசல், இலுப்பூர் பக்கத்து விவசாயிகளே, உஷார்! காலநிலை மாற்றம் எங்கோ துருவத்தில் பனி உருகுகிற கதை இல்லை. அது நம் கண்மாய்க்குள்ளும் கதிருக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது.

நமக்கு வற்றாத ஆறு கிடையாது. தெற்கு வெள்ளாறு மழை பெய்தால்தான் ஓடும். மாவட்டம் முழுக்க 5,000-க்கும் மேற்பட்ட கண்மாய்கள் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் அவை பெருகினால்தான் சம்பா வீடு வந்து சேரும். அந்த மழைதான் இப்போது தாறுமாறாகிவிட்டது.

2016 முதல் 2021 வரை நாம் பட்டதை நினைத்துப் பாருங்கள். 2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் பொய்த்தது. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரையேறி, ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்தில் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2021 ஜனவரியில், அறுக்க வேண்டிய நேரத்தில் மழை கொட்டி, வயலில் சாய்ந்த நெல் கிடந்த இடத்திலேயே முளைத்தது. இவை எல்லாவற்றுக்கும் பருவநிலை மாற்றம் ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் பெய்யாத நாட்கள் நீள்கின்றன. பெய்தால் ஒரேயடியாகக் கொட்டுகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. நமக்கு ஏறக்குறைய ஒரு வருடத்தில் கிடைக்கும் மழை அது. நாளை நம் ஊரில் அப்படிக் கொட்டினால் கரை தாங்குமா?

நெல்லைப் பாருங்கள். கதிர் வெளிவந்ததும் காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் உமி இரண்டாகப் பிரியும். மகரந்தப் பைகள் வெளியே தொங்கும். ஒரு மணி நேரம் போல திறந்திருந்து மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் செத்துவிடும். வெளியே கதிர் நன்றாகத்தான் தெரியும். தூற்றும்போதுதான் பதர் என்று தெரியவரும். இரவுச் சூடும் விளைச்சலைத் தின்கிறது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில், வறண்ட பருவத்தில் இரவு வெப்பம் ஒரு டிகிரி ஏறியபோது விளைச்சல் 10 சதவீதம் குறைந்ததை 2004-இல் வெளியிட்டார்கள்.

கடலையில் இன்னொரு ஆபத்து. காய் முற்றும் நேரத்தில் மண் காய்ந்து சூடேறினால் பூசணம் உள்ளே நுழைகிறது. உடைத்துப் பார்த்தால் பருப்பின் மேல் மஞ்சளும் பச்சையுமாகப் பொடி படிந்திருக்கும். அது அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சை உண்டாக்கும். ஈரலில் புற்றுநோய் வர வைக்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. அப்படிப்பட்ட பருப்பை மாட்டுக்கும் போடாதீர்கள். நஞ்சு பால் வழியே குழந்தைக்குப் போகும்.

உடம்பையும் வெயில் விடுவதில்லை. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனம் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்த பெண்களுக்குக் கரு கலைவதும் குழந்தை இறந்து பிறப்பதும் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தன. நடவிலும் களையெடுப்பிலும் நூறுநாள் வேலையிலும் நிற்பது யார்? நம் வீட்டுப் பெண்கள்தான். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் யாராவது உளறினாலோ, மயங்கினாலோ, உடம்பு நெருப்பாய்க் கொதித்தாலோ தாமதம் கூடாது. நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

இத்தனைக்கும் நடுவே நம் கையில் இருக்கும் ஒரே காப்பு கண்மாய்தான். வயலுக்கு ஈரம், கிணற்றுக்கு ஊற்று, கால்நடைக்குக் குடிநீர், மீனுக்கும் கொக்குக்கும் நாரைக்கும் இடம் எல்லாம் அதுதான். இந்த வட்டாரக் கண்மாய்களில் இன்றும் நிற்கும் குமிழித் தூண்களை நட்டவர்களுக்கு இது தெரிந்திருந்தது. நாமோ உள்வாயில் சீமைக்கருவேலத்தை வளரவிட்டோம், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துவாரியைத் தூர்த்தோம். தைலமரக் காடுகளில் போட்ட வரப்புகள் கண்மாய்க்கு வரும் தண்ணீரை மறிக்கின்றன என்று மாவட்ட விவசாயிகள் வருடக்கணக்காக முறையிடுகிறார்கள். மூன்று நாளில் கொட்டித் தீரும் மழையை வாரி கொண்டுவந்து சேர்க்காவிட்டால், அடுத்த மழைக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டினார்கள். அந்தத் தண்ணீர் வரும்போது வரட்டும். அதை நம்பி வாரியைத் தூர்ந்துபோக விடாதீர்கள்.

உடனே செய்ய வேண்டியவை:

1. ஆவணிக்குள் வாரியைத் தலைமாட்டிலிருந்து கண்மாய் வரை நடந்து பாருங்கள். அடைப்பு, ஆக்கிரமிப்பு எங்கே என்று படம் எடுத்து வையுங்கள்.

2. கலிங்கும் மடையும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். கரையில் எலி வளை, நண்டு வளை இருந்தால் இப்போதே அடையுங்கள். பெருமழையில் கரை உடைவது அங்கேதான் தொடங்கும்.

3. வண்டல் மண்ணைத் தாலுகா அலுவலகத்தில் அனுமதி வாங்கி இலவசமாக எடுங்கள். கண்மாய் ஆழமாகும், வயல் வளமாகும்.

4. பயிர்க் காப்பீட்டைக் கடைசி நாள் வரை தள்ளாதீர்கள். அறுத்துக் காயப்போட்ட கதிர் மழையில் நனைந்தால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும்.

5. எந்த ரகம், எப்போது விதைப்பு என்பதைக் குடுமியான்மலை வேளாண் கல்லூரியில் போய்க் கேளுங்கள். ஊருக்குள்ளேயே இருக்கிறது.

6. கோயில் காட்டில் நிற்கும் வீரையையும் பாலையையும் வெட்ட விடாதீர்கள். மழைநீர் மண்ணில் இறங்குவது அங்கேதான்.

ஆகஸ்ட் 15-இலும் அக்டோபர் 2-இலும் கிராமசபை கூடும். இரண்டும் பருவமழைக்கு முந்தியவை. வாரி தூர்வாருவதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.