வீட்டில் படியும் புகையிலை நஞ்சு: நாய், பூனைகளைக் காப்பது எப்படி?

அசுவினிப் பூச்சிக்குப் புகையிலைக் கஷாயம் தயாரிக்கும் முறை விவசாயிகள் பலருக்கும் தெரிந்ததே. அரை கிலோ புகையிலைக் கழிவை நாலரை லிட்டர் நீரில் ஒரு நாள் ஊறவைக்க வேண்டும். அல்லது அரை மணி நேரம் கொதிக்கவைக்க வேண்டும். பிறகு வடிகட்டி, 120 கிராம் சோப்பைக் கரைத்துச் சேர்த்து, ஆறு அல்லது ஏழு மடங்கு தண்ணீர் கலந்து தெளிக்க வேண்டும். இதில் அசுவினியைக் கொல்லும் பொருளுக்கு நிகோடின் என்று பெயர்.

இதே நிகோடின்தான் பீடி, சிகரெட், சுருட்டுப் புகையிலும் இருக்கிறது. புகை கலைந்ததும் அது போய்விடுவதில்லை. சுவரிலும் தரையிலும், மூலையில் கிடக்கும் சாக்கிலும், அந்தச் சாக்கில் படுத்திருக்கும் நாயின் மயிரிலும் படிகிறது. தெளிப்பான் இல்லாமலேயே நாம் வீட்டுக்குள் தினமும் சிறிது சிறிதாகப் புகையிலைக் கஷாயம் தெளித்துக்கொண்டிருக்கிறோம் என்றுகூடச் சொல்லலாம்.

பூச்சியியல் படித்தவன் ஆதலால் நிகோடினை நான் முதலில் அறிந்தது பூச்சிக்கொல்லியாகத்தான். அது வீட்டுப் பிராணிகளுக்கும் தீங்கு செய்கிறது என்பதைப் பற்றி யோசிக்க வைத்தவர் ஓர் ஆட்டுக்காரர். இரவில் தண்ணீர் பாய்ச்சும்போது பம்ப்செட் அறையில்தான் அவருக்குப் படுக்கை. எட்டடிக்கு எட்டடி அறை, ஜன்னல் கிடையாது. விடிவதற்குள் ஒரு கட்டு பீடி தீர்ந்துவிடும். காவலுக்கு வளர்த்த நாய் அவர் காலடியில் கிடக்கும். நாய்க்கு மாதக்கணக்கில் வறட்டு இருமல். இரண்டு முறை மருந்து கொடுத்தும் தீரவில்லை. மூன்றாம் முறை போனபோது கால்நடை மருத்துவர், "நாய் எங்கே படுக்கிறது? அங்கே பீடி குடிப்பது யார்?" என்று கேட்டாராம். நாயை வெளியே கொட்டகையில் கட்டிய பிறகு, இரண்டு மூன்று வாரத்தில் இருமல் குறைந்தது. ஒரு நாயை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது. மருந்து தாமதமாக வேலை செய்திருக்கலாம். ஆனால் அந்த மருத்துவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

படிந்த நஞ்சு மீண்டும் எழும்

"குடிக்கும்போது நாயை வெளியே விரட்டிவிடுகிறேன், புகை போன பிறகுதான் உள்ளே விடுகிறேன்" என்று சிலர் சொல்வார்கள். இது போதாது. ஏன் என்பதற்கு விவசாயத்திலேயே ஒரு சான்று இருக்கிறது.

அந்தக் காலத்தில் கோழிப்பேனை ஒழிக்க 40 சதவீத நிகோடின் சல்பேட் திரவத்தைப் பயன்படுத்தினார்கள். மாலையில், கோழிகள் அடையும் கம்பின் மீது அதைப் பூசிவிடுவார்கள். கோழியின் மேல் ஒரு துளிகூடப் பூசுவதில்லை. இரவில் கோழிகள் கம்பில் உட்கார்ந்திருக்கும்போது, கம்பிலிருந்து எழும் ஆவி இறகுகளுக்குள் புகுந்து பேனைக் கொன்றுவிடும். மரத்தில் படிந்த நிகோடின் அங்கேயே உறங்கிக் கிடக்காது, ஆவியாக மீண்டும் எழும் என்பது இதிலிருந்து தெரிகிறது. (இந்த மருந்து மனிதருக்கும் கொடிய நஞ்சு. இந்தியாவில் இதைப் பயன்படுத்த 1992-ல் தடை விதிக்கப்பட்டது.)

வீட்டில் நடப்பதும் இதுவே. புகையில் உள்ள நிகோடினும் தாரும் சுவர், விட்டம், பாய், மெத்தை, துணி ஆகியவற்றில் ஒட்டிக்கொள்கின்றன. வெயில் ஏறித் தகரக் கூரை சூடாகும்போது மறுபடி காற்றில் கலக்கின்றன. புகைப்பவர் காலி செய்த வீடுகளை அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் ஆராய்ந்தார்கள். அந்த வீடுகள் ஏறத்தாழ இரண்டு மாதம் பூட்டிக் கிடந்து, சுத்தம் செய்யப்பட்டு, புகைக்காதவர்கள் குடிவந்த பிறகும் அங்கே நிகோடின் இருந்தது. புதிதாகக் குடிவந்தவர்களின் விரல்களிலும் இருந்தது. இந்த ஆய்வு 2011-ல் வெளியாயிற்று.

இன்னொரு சங்கதியும் உண்டு. கேஸ் அடுப்பும் வண்டிப் புகையும் நைட்ரஸ் அமிலம் என்ற வாயுவை வெளியிடுகின்றன. சுவரில் படிந்த நிகோடின் இந்த வாயுவோடு சேர்ந்தால், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நைட்ரோசமைன்கள் உருவாகின்றன. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்கிலி ஆய்வுக்கூடத்தினர் 2010-ல் இதைக் கண்டறிந்தார்கள். அதாவது பழைய படிவு நாளாக நாளாக வீரியம் குறைந்துபோகும் என்று நினைத்துவிடக் கூடாது. அதன் ஒரு பகுதி வேறு நஞ்சாக மாறுகிறது.

பூனைக்கு ஏன் அதிகம்?

நாம் படிவைத் தொடுகிறோம், மூச்சில் இழுக்கிறோம். பூனை அதைத் தின்கிறது. பூனை விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதி உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதில் போகும். தரையிலும் மூட்டை மேலும் புரண்டு மயிரில் ஒட்டியதெல்லாம் நாக்கு வழியாக வயிற்றுக்குப் போகிறது. வாயின் உட்புறத் தோலும் நாள்தோறும் அந்த நஞ்சில் நனைகிறது.

2002-ல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்களும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தினரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோய் வந்த பூனைகளையும், வேறு நோய்க்காக வந்த பூனைகளையும் ஒப்பிட்டு, வீட்டில் யார் புகைக்கிறார்கள் என்று விசாரித்தார்கள். புகைப்பவர் வீட்டுப் பூனைக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 2.4 மடங்கு. ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பூனைக்கு 3.2 மடங்கு. பூனைகளில் சாதாரணமாகக் காணப்படும் புற்றுநோய் இது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பூனை செத்தால் இன்னொரு பூனை என்று நினைப்பவர்கள் உண்டு. எலி பிடிக்கப் பழகிய ஒரு நல்ல பூனை வீட்டில் இருந்தால் நெல் மூட்டைக்கும் நிலக்கடலை மூட்டைக்கும் எவ்வளவு மிச்சம் என்பது அது போன பிறகுதான் தெரியும்.

நீண்ட மூக்கு நாய்கள்

நாயின் மூக்கு ஒரு வடிகட்டி. மூக்கு நீளமாக இருந்தால் புகைத்துகள் மூக்குக்குள்ளேயே தங்குகிறது. குட்டையாக இருந்தால் நுரையீரல் வரை போகிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், புகைப்பவர் வீட்டில் வளர்ந்த நீண்ட மூக்கு நாய்களுக்கு மூக்கில் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்காக இருந்தது. அதற்கு முன்பு 1992-ல் அவர்கள் நுரையீரல் புற்றுநோயை ஆராய்ந்தபோது, குட்டை மூக்கும் நடுத்தர மூக்கும் உள்ள நாய்களிடம் பாதிப்பு கூடுதலாகத் தெரிந்தது.

நம் சிப்பிப்பாறை, கன்னி இன நாய்கள் நீண்ட, ஒடுங்கிய மூக்கு உடையவை. இவற்றை வீட்டோடு வளர்ப்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். ஒரு பக்க மூக்கிலிருந்து மட்டும் சளியோ இரத்தமோ வடிந்தாலும், ஓயாமல் தும்மினாலும், மூக்கெலும்பு ஒரு பக்கம் புடைத்தாலும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். பூனையாக இருந்தால் வாய்ப்புண் ஆறாமல் இருப்பது, இரை எடுக்காமல் மெலிவது, கழுத்தில் கட்டி தெரிவது ஆகியவற்றைக் கவனியுங்கள்.

அடைக்கோழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோழிக்கு நுரையீரலோடு காற்றுப் பைகளும் உண்டு. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் அதன் நுரையீரலில் புதுக்காற்று ஓடும். ஆகவே காற்றில் இருக்கும் நஞ்சு கோழிக்கு எளிதில் ஏறிவிடும். பஞ்சாரத்தைப் படுக்கை அறை மூலையில் கவிழ்த்து வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பீடி குடிக்க வேண்டாம்.

என்ன செய்யலாம்?

பீடியை விட்டுவிடுங்கள் என்பதுதான் சரியான பதில். அதைச் சொன்னவுடன் பாதிப் பேர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். விட முடியாதவர்கள் கூரைக்கு வெளியே குடியுங்கள். திண்ணையும் கதவோரமும் வெளியே ஆகாது. புகை உள்ளேதான் போகும். வேப்ப மரத்தடிக்குப் போய்விடுங்கள். எண்ணிக்கையைக் குறைப்பதால் கொஞ்சம் பயன் உண்டு, முழுப் பயன் இல்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தினர் நாய்களின் மயிரைச் சோதித்தபோது, வீட்டுக்குள் ஒரு நாளைக்குப் பத்துக்கும் குறைவாகப் புகைத்த வீடுகளில் நிகோடின் நன்றாகக் குறைந்திருந்தது. ஆனாலும் புகைக்காத வீட்டு நாய்களின் அளவுக்கு இறங்கவில்லை.

குடித்துவிட்டு வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே நாயையும் குட்டிகளையும் தொடுங்கள். தோளில் கிடக்கும் துண்டில் எவ்வளவு படிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்; அதே துண்டால் நாயைத் துடைக்காதீர்கள்.

நிகோடின் நீரில் கரையும். கஷாயத்துக்குப் புகையிலையை ஊறவைப்பதே அதனால்தான். எனவே சிமெண்டுத் தரையையும் கதவையும் சோப்புத் தண்ணீரால் கழுவினால் படிவு பெருமளவு போகும். பிரானி படுக்கும் சாக்கையும் பழந்துணியையும் வாரம் ஒருமுறை வெந்நீரில் சோப்புப் போட்டு அலசிக் காயவையுங்கள். பழைய சாக்கு மஞ்சள் பூத்து நாற்றம் அடித்தால் எரிக்காமல், தூக்கிப் போட்டுவிட்டு வேறு போடுங்கள். பஞ்சு மெத்தையையும் கூரை ஓலையையும் கழுவ முடியாது; அவை உள்ள இடத்தில் புகைக்காமல் இருப்பது ஒன்றே வழி. நாயைக் குளிப்பாட்டலாம். பூனை தண்ணீருக்கு ஒத்துழைக்காது. ஈரத் துணியால் மயிரோட்டமாகத் துடைத்துவிட்டால் போதும். கழுவிய நீரைக் கால்நடைத் தொட்டிப் பக்கம் ஊற்ற வேண்டாம்.

வீட்டில் பீடி சுற்றும் குடும்பங்கள் நம் மாநிலத்தில் ஏராளம். அங்கே புகை இல்லை, தூள் உண்டு. முறத்திலிருந்து சிந்தும் தூள் பூனையின் பாதத்திலும் மயிரிலும் ஒட்டி, அதே போல வயிற்றுக்குப் போகும். சுற்றி முடித்ததும் தரையை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். விளக்குமாற்றால் பெருக்கினால் தூள் பறக்கும்.

புகையிலையைத் தின்றுவிட்டால்

மேலே சொன்னதெல்லாம் மெல்லக் கொல்லும் சங்கதி. புகையிலையை நேரடியாகத் தின்றுவிட்டால் மணிக்கணக்கில் உயிர் போகலாம். நாயின் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் நிகோடின் போனாலே அறிகுறி தெரியும். 10 மில்லிகிராம் அளவுக்குப் போனால் உயிருக்கு ஆபத்து. இரண்டு சதவீதம் நிகோடின் உள்ள வாய்ப் புகையிலை ஒரு கிராமில் 20 மில்லிகிராம் இருக்கும். இரண்டு கிலோ எடையுள்ள குட்டிக்கு அந்த ஒரு கிராமே போதும். ஒரு கட்டு பீடி, பத்துக் கிலோ நாய்க்கு அந்த அளவை எட்டிவிடும். குட்டிகள் எதையும் கடித்துப் பார்க்கும் பருவத்தில் சுருக்குப் பையையும் பீடித் துண்டுகளையும் எட்டாத இடத்தில் வையுங்கள். துண்டுகளைத் தரையில் எறியாமல் மூடியுள்ள டப்பாவில் போட்டுப் புதைத்துவிடலாம்.

புகையிலையோடு சுண்ணாம்பு சேர்த்து மெல்வது ஏன் என்று மெல்பவர்களுக்குத் தெரியும்: காரம் சீக்கிரம் ஏறும். சுண்ணாம்பு நிகோடினைப் பிரித்துக் கொடுக்கிறது. நாய்க்கும் அதே கதைதான். ஆகவே புகையிலை தின்ற நாய்க்கு வயிற்றுக்கு நல்லது என்று ஆப்பசோடாவோ சுண்ணாம்புத் தண்ணீரோ கொடுத்தால், நஞ்சு இன்னும் வேகமாக உடம்பில் ஏறும். உப்புக் கரைசலைப் புகட்டி வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். அதுவே தனி நஞ்சாகிவிடும்.

உண்ணிக்கும் பேனுக்கும் புகையிலைத் தண்ணீரால் நாயைக் குளிப்பாட்டும் பழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. இதை அடியோடு நிறுத்த வேண்டும். நிகோடின் ஈரத் தோல் வழியாகவே உள்ளே போகும். பனியில் நனைந்த புகையிலை பறிக்கும் ஆட்களுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருவது இதனால்தான். குளித்த நாய் உடம்பை நக்கவும் செய்யும். உண்ணிக்குக் கால்நடை மருந்தகத்தில் தகுந்த மருந்து கேட்டு வாங்குங்கள். கஷாயம் காய்ச்சிய பானையை மூடி வையுங்கள். வெயில் நாளில் தாகத்துக்கு நாய் அதில் வாய் வைத்துவிடும்.

தின்ற கால் மணி முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் எச்சில் ஒழுகுதல், வாந்தி, பேதி, நிலைகொள்ளாமை, தசை நடுக்கம், தள்ளாட்டம் ஆகியவை தோன்றும். பிறகு வலிப்பும், அதன் பின் துவண்டு மூச்சு மெதுவாவதும் வரலாம். வாயில் மிச்சம் இருக்கும் துணுக்குகளை விரலால் எடுத்துவிட்டு உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். போகும்போது மிச்சமுள்ள புகையிலைப் பொட்டலத்தையும் எடுத்துச் செல்லுங்கள். எவ்வளவு தின்றது, எத்தனை மணிக்குத் தின்றது, நாயின் எடை என்ன என்பதை அவர் முதலில் கேட்பார்.